பெட்டி அடுக்கித் தந்த அக்கா

இத்தாலியில், பலெர்மோவில் நாங்கள் இருந்த காலத்தில் ஊருக்குப் போக டிக்கெற் எடுத்த எவரும் அடுத்ததாக ஏறுவது போர்கோ வெக்கியோப் பகுதியில் அந்த அக்காவின் மாடிப்படியில்தான். மன்னார்ப் பக்கத்து ஆள். அப்போது நாற்பது வயது இருக்கும். பொலிதேயாமா தியேட்டருக்குக் கிட்ட ஒரு வயதுபோன சிஞ்ஞோராவின், இத்தாலிக்கார அம்மாவின், வீட்டில் வேலை. வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் ஓய்வு. அந்த ஓய்விலும் பாதி மற்றவர்களுடைய பெட்டிகளுக்குள் போய்விடும். பெயரை நான் எழுதவில்லை. தன்னைப் பற்றி ஆரும் கதைத்தாலே அவவுக்குப் பிடிக்காது.

பெட்டி அடுக்கத் தெரிந்தவர்கள் எங்களுக்குள் கனபேர் இருந்தார்கள். இருக்கிற சாமானையெல்லாம் அடைத்து, மூடிக்கு மேலே ஏறியிருந்து பூட்டுகிற கெட்டிக்காரர்கள். அக்கா அப்படி இல்லை. அவவிடம் போனால் முதல் கேள்வியே வேறு.

"இதை ஆர் திறக்கப் போகினம்?"

"நான்தான் அக்கா, ஊரிலை போய்."

"நீ கடைசியாத்தான் திறப்பாய். அதுக்கு முன்னம் எத்தினை பேர் திறப்பினம்? முதலிலை அவையளை யோசி."

அவவின் அடுக்கல் முழுக்க அந்த முகம் தெரியாத ஆளுக்காகத்தான். விமான நிலையத்தில் காலையிலிருந்து சோதனை மேசைக்குப் பின்னால் நின்று, கால் கடுத்து, யாரையும் நம்பக்கூடாது என்று சொல்லி நிறுத்தப்பட்டிருக்கிற ஒருவன். அவனுடைய கை முதலில் எதில் படுகிறதோ அதை வைத்துத்தான் எங்களை அவன் முடிவு செய்வான் என்பது அக்காவின் நம்பிக்கை. அதனால் கேள்வி வரக்கூடிய சாமான் எதுவோ அது மேலே இருக்க வேண்டும். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களே பயத்தில் ஒளித்து வைத்து மாட்டுப்படுகிறார்கள் என்று சொல்லுவா. றேடியோவிலிருந்து பற்றரியைக் கழற்றிவிடுவா. பெட்டிக்குள் ஒரு கையளவு இடம் வெறுமையாக விடுவா. அந்த வெறும் இடத்தைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் வயிறு எரியும்.

"இன்னும் ரெண்டு சேட்டு வைக்கலாம் அக்கா."

"வைக்கலாம். அவன் எல்லாத்தையும் வெளியிலை எடுத்துப்போட்டுத் திருப்பி மூட ஏலாமல் நிக்கேக்கை, அவனுக்கு ஆரிலை கோவம் வரும்? உன்னிலைதான்."

மடித்து வைத்த சேட்டு வெளியே போய்விடும். சித்திக்கு வாங்கின சவர்க்காரம், மச்சானுக்கு வாங்கின ரோச்லைற், எல்லாம் அவவின் கட்டிலில் குவியும். யுத்த காலம் அது. கொழும்பில் எங்களுடைய ஊர்ப் பெயரைக் கடவுச்சீட்டில் கண்டாலே கேள்விகள் கூடிவிடும். ஒரு பற்றரிக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். இங்கேயும் நகரத்தில் மாஃபியாக்காரரின் குண்டுகள் வெடித்த பிறகு தெருமூலைகளில் ஆமிக்காரர் நின்றார்கள். விமான நிலையத்தில் சோதனையும் இறுகியிருந்தது. இதெல்லாம் தெரிந்தும், வாங்கின சாமானை ஒருத்தி வெளியே எடுத்துப் போடும்போது சனத்துக்குப் பொறுக்காது. "இவ ஆர் எங்களுக்குச் சட்டம் சொல்ல?" என்று படியில் இறங்கும்போது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி.

பிரான்காச்சோவில் தளபாடப் பட்டறை ஒன்றில் வேலை செய்த அண்ணை ஒருவர் முணுமுணுப்போடு நிற்காமல் தானே அடுக்கிக்கொண்டு போனார். இங்கே வீட்டுக்கு வீடு அடுப்பில் வைத்துக் கோப்பி போடுகிற மோக்கா என்கிற அலுமினியப் பாத்திரம் இருக்கும், திருகி மூடுகிற சாமான். அதில் பெரிதாக ஒன்றை மாமனாருக்கு வாங்கி, களவு போய்விடும் என்று காற்சட்டைக்குள் சுருட்டி, அதே சுருட்டுக்குள் மேசை மணிக்கூடு ஒன்றையும் வைத்து, பெட்டியின் அடியில் புதைத்திருக்கிறார். எக்ஸ்ரே மெசினில் அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வரிசையில் நின்ற சனத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அண்ணைக்கு இத்தாலியன் பட்டறை அளவில்தான் தெரியும். "கஃபே! கஃபே!" என்று கத்தியிருக்கிறார். விளங்கி, சிரித்து, அவரை விட்டபோது விமானம் போய்விட்டது.

பெட்டியோடு பஸ் ஏறி அவர் நேரே அக்கா வீட்டுக்குத்தான் வந்தார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். இனி நல்ல கிழி கிழிக்கப் போகிறா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. அவர் குடித்து முடியும்வரை காத்திருந்து பெட்டியைத் திறந்தா. மோக்காவை வெளியே எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன் பக்கத்தில் தன் குசினியிலிருந்து ஒரு கோப்பித்தூள் பைக்கற்றையும் வைத்தா.

"இனி நீங்கள் ஒண்டும் கத்தத் தேவையில்லை அண்ணை. பார்க்கிறவனுக்கே விளங்கும்."

பிறகு போனபோது சோதித்தவர் பைக்கற்றைக் கையில் எடுத்து, இந்தத் தூள் சரியில்லை, வேறு வாங்கியிருக்கலாம் என்று புத்தி சொல்லி அனுப்பினாராம்.

என்னுடைய முறை வந்தது தொண்ணூற்றேழில்.

தொண்ணூற்றைந்தில், சண்டை கிட்ட வர யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அப்பாவும் நடந்தார். அவர் தையல்காரர். நீரிழிவு இருந்தது. அந்த நடையில் இடது காலில் வந்த புண் ஆறவேயில்லை. எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் முன்னறையில் அம்மாவோடு இருந்தார். ரெலிபோனில் கதைக்கும்போது காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று கேட்பார். அம்மாதான் சொன்னா, ஆள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறார் என்று. பொய்க்கால் செய்கிற ஒருவர் அங்கே இருந்தார். கீழ்த்தண்டும் பாதமும் நல்லதாக எங்கேயாவது கிடைத்தால் வெட்டின கால் பொருந்துகிற மேல் கிண்ணத்தை அப்பாவின் அளவுக்குத் தான் மாற்றித் தருவதாகச் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது இதை யாருக்கோ சொல்லி அழுதுகொண்டிருந்தேன். நாங்கள் சைவம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வாசலுக்குத்தான் போக வேண்டும். அக்கா பக்கத்தில் வந்து நின்றா.

"வலதோ இடதோ?"

"என்னது அக்கா?"

"அப்பாவின்ரை கால், பிள்ளை."

"இடது."

"எங்கடை சிஞ்ஞோராவின்ரை மனுசன், சிஞ்ஞோர், அவற்றையும் இடதுதான்" என்றா. "செத்து ரெண்டு வருஷமாச்சு. கால் இன்னும் அலுமாரிக்குள்ளை நிக்குது. கிழமைக்கு ஒருக்கால் தூசு துடைக்கிறது நான். கேட்டுப் பார்க்கிறன்."

அடுத்த வியாழக்கிழமை பொலிதேயாமாவிலிருந்து போர்கோ வெக்கியோ வரை அந்தக் காலை ஒரு துணியில் சுற்றி, குழந்தைப்பிள்ளையைத் தூக்குகிறது போலத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தா. மீன்கடைக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நல்ல கால். பளபளப்பான தண்டு, உள்ளே இரும்புக் குழாய், தோல் வார்கள், கொளுக்கிகள். மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி கொழும்பு விமான நிலையத்தில் ஒரு பொய்க்காலோடு இறங்கினால் ஆருக்கென்று கேட்பார்கள்? நான் அப்பாவுக்கு என்பேன். சண்டையில் கால் போன இயக்கப் பெடியன் ஒருவனுக்கென்று நினைக்க மாட்டார்களா?

"இஞ்சரும்" என்றார் என் கணவர். "இதைக் கழற்றிப் போடுவம். பாதத்தை ஒரு பெட்டிக்குள்ளை, குழாயை மற்றதுக்குள்ளை. வாரெல்லாம் உம்மடை கைப்பைக்குள்ளை. ஒருத்தருக்கும் விளங்காது."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அக்கா அவரைப் பார்த்தா.

"விளங்காத சாமானைக் கண்டால்தான் தம்பி அவை பயப்படுவினம். இரும்புக் குழாய் எண்டால் அது என்னவாயும் இருக்கலாம். கால் எண்டால் கால்தான்."

பிறகு என்னிடம், "கூட வந்த சொக்ஸ் எங்கை? சப்பாத்து எங்கை? போடு" என்றா.

"பெட்டிக்குள்ளை வைக்கிற காலுக்கோ?"

"ஓம். ஒரு மனுசன்ரை காலாய்த் தெரியட்டும்."

கறுப்புச் சொக்ஸும், சிஞ்ஞோரின் மண்ணிறத் தோல் சப்பாத்தும். போடுவது லேசாக இருக்கவில்லை. அந்தப் பாதம் மடங்காது. இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்துப் போட்டோம். லேஸைக் கட்டினா. பெட்டியில் என் உடுப்புகளுக்கு மேலே, மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி வைத்தா. அதன் மேல் அப்பா கட்டிலில் இருக்கிற படம். காற்சட்டையின் ஒரு கால் மடித்து ஊசி குத்தியிருக்கும்.

அதோடு முடியவில்லை. பெட்டியை மூடி மேசையில் வைத்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றா. இது அவவின் வழக்கம். சோதனைக்காரனாக மாறிவிடுவா. முகத்தில் ஒரு உறவும் இருக்காது. பெட்டியைத் திறந்தா.

"இது என்ன?"

"கால்."

"ஆற்றை?"

"என்ரை அப்பா..." நான் அழுதேன்.

பெட்டியை மூடினா. திரும்பவும் திறந்தா. "இது என்ன?" திரும்பவும் அழுதேன். என் கணவர் "விடுங்கோ அக்கா, பாவம்" என்றார். அவ விடவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. இது என்ன கல்நெஞ்சம் என்று நினைத்தேன். "உங்களுக்கென்ன அக்கா, நீங்கள் இதுகளிலை நிண்டு பார்த்தனீங்களோ?" என்று கேட்டும் விட்டேன்.

அக்கா கதிரையில் இருந்தா. சாதாரணமாக, கறி என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னா.

"இஞ்சை வரேக்கை, வழியிலை ஒரு எயார்போட்டிலை என்ரை பெட்டியைத் திறந்தவை. எந்த ஊர் எண்டு விடு. நான் அவசரத்திலை அடைஞ்சு கட்டின பெட்டி. என்ரை உள்ளுடுப்பு எல்லாம் மேலை. ஒருத்தன் ஒரு பேனையாலை ஒவ்வொண்டாய்த் தூக்கிப் பார்த்தான். பின்னுக்கு வரிசையிலை முழுக்க ஆம்பிளையள். ஆரோ சிரிச்சினம். நான் அழத் தொடங்கினன். அழுறாள், என்னவோ இருக்குது எண்டு இன்னும் கிண்டினவை. ஒரு சாமானும் எடுக்கேல்லைப் பிள்ளை. எல்லாத்தையும் திருப்பித் தந்தவை. ஆனால் அண்டைக்குப் பிறகு அந்த உடுப்பு ஒண்டையும் நான் போடேல்லை."

நான் கண்ணைத் துடைத்தேன்.

"திறக்கிறவனை நான் மாத்த ஏலாது. அவன் திறக்கேக்கை என்ன தெரியோணும் எண்டதை எண்டாலும் நாங்கள் முடிவு செய்வம்" என்றா. எழும்பி மேசைக்குப் பின்னால் போனா. "அழுறதெண்டால் இஞ்சை அழு. அங்கை போய்ச் சொல்லு. சரி, இது என்ன?"

ஒவ்வொரு பெண்ணுக்கும் அவ பழைய படுக்கை விரிப்பில் சுருக்குப்பை ஒன்று தைத்துக் கொடுப்பதும், உள்ளுடுப்பை அதற்குள் போட்டுப் பெட்டியின் ஓரத்தில் வைப்பதும் ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதுவரை அதை ஒரு பட்டிக்காட்டு வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

பொழுது சாய முன்னம் அழாமல் சொல்லப் பழகிவிட்டேன். என்னுடைய அப்பாவின் கால். நீரிழிவில் எடுத்தது. இந்தக் கால் ஒரு இறந்துபோன மனிதருடையது, அவருடைய மனைவி தந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பலெர்மோ விமான நிலையத்தில் எக்ஸ்ரே மெசினுக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்தார்கள். சப்பாத்துப் போட்ட ஒரு கால். திறந்தவரின் கை அப்படியே நின்றது. யாருடையது என்று கேட்டார். என் அப்பாவினது என்று இத்தாலியனில் சொன்னேன். படத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் காலைத் தூக்கி, கிண்ணத்துக்குள் பார்த்து, எடுத்த மாதிரியே வைத்தார். பெட்டி அவருக்குச் சுகமாக மூடுபட்டது. அந்த வெறும் இடத்தின் பெறுமதி எனக்குத் தெரிந்தது.

கொழும்பில் அவ்வளவு லேசாக இருக்கவில்லை. கடவுச்சீட்டைப் பார்த்ததும் என்னை ஒரு பக்கத்து மேசைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு இளம் பெடியன், சீருடை புதுசு. பெட்டியைத் திறந்து, பார்த்து, பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரியவருக்கு அப்பாவின் வயது இருக்கும். கேள்விகள் வந்தன. எந்த ஊர், ஏன் இத்தாலி, இதை யாருக்குக் கொடுக்கப் போகிறாய், யார் கொடுக்கச் சொன்னது. ஆனால் முன்னால் அக்காவின் முகம் நிற்பது போலவே இருந்தது. இந்தக் கேள்விகள் ஒன்றும் எனக்குப் புதிதில்லை. பழகின மாதிரியே சொன்னேன். என்னுடைய குரலை எனக்கே நம்ப முடியவில்லை.

"தாத்தா?" என்று கேட்டார். சிங்களத்தில் அது அப்பாவைக் குறிக்கும்.

"ஓம். தாத்தா."

அவர் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். சொக்ஸையும். பாதத்தைத் தட்டிப் பார்த்தார், குழாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. போகலாம் என்று கை காட்டினார். நான் சொக்ஸைப் போட்டுச் சப்பாத்துக்குள் பாதத்தை நுழைக்கப் பார்த்தேன். ஏலவில்லை. பின்னால் சனம் நின்றது. அப்படியே பெட்டிக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். காலை வாங்கித் தன்னுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இழு என்று தலையசைத்தார். நான் சப்பாத்தைப் பிடித்து இழுத்தேன். இரண்டாம் தரம் ஏறியது. லேஸை அவரே கட்டினார்.

அப்பாவிடம் காலைக் கொடுத்தபோது அவர் முதலில் அதைத் தொடவில்லை. சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரருக்குத் தோலின் தரமும் தெரியும். பிறகு கன நாளுக்குப் பிறகு அம்மா கேட்ட ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"நல்ல சப்பாத்து. மற்றது எங்கை பிள்ளை?"

நான் திரும்பி வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் முழங்காலுக்குள் பிடித்த கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டா. கடைசியில் அப்பாவின் பகிடியைச் சொன்னபோது அவ சிரிக்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டா.

"ஐயோ பிள்ளை! திறக்கிறவனையே யோசிச்சு யோசிச்சு, போட்டு நடக்கப் போற மனுசனை மறந்துபோனன்."

பகிடி என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கே சிஞ்ஞோராவிடம் போய் மற்றச் சப்பாத்தை வாங்கி, துடைத்து மினுக்கி, அடுத்ததாகக் கொழும்புக்குப் போகிறது யார் என்று தேடிப் பிடித்தா. அது மோக்கா அண்ணையின் தம்பி. "ஒற்றைச் சப்பாத்தைக் கண்டால் என்ன சொல்லுவன் அக்கா?" என்று அவன் கெஞ்சினான். அவனையும் மேசைக்கு முன்னால் நிறுத்திப் பழக்கித்தான் அனுப்பினா.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெலிபோன் கதைக்கிற கடையில் அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அக்காவும் கூட வந்திருந்தா. "அந்தப் பிள்ளை நிண்டால் குடு" என்றார் அப்பா. அக்காவுக்கு வெட்கம். நான் ஒருவாறு ரெலிபோனை அவவின் கையில் திணித்தேன்.

"ஓம் ஐயா... ஓம்... இல்லை, நான் என்ன செய்தனான்... அளவு சரியோ ஐயா?"

பிறகு பேச்சு நின்றது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அக்கா என்னைத் தடுத்தா. ரெலிபோனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு நின்றா. கனநேரம் அப்படி நின்றுவிட்டு என் காதில் வைத்தா.

அங்கே ஆரும் கதைக்கவில்லை. வெள்ளவத்தை வீட்டுச் சீமெந்து நிலத்தில் இரண்டு சப்பாத்துகள் மெதுவாகத் தூரப் போய், திரும்பி வந்துகொண்டிருந்தன.